புலனாய்வு நிருபர் என்பவர் யார்? சாதாரண நிருபரிடமிருந்து எப்படி வேறுபடுகிறார்?

நடந்ததைச் சொல்பவர் நிருபர். யாரோ மறைப்பதைத் தோண்டியெடுத்து ஆதாரத்தோடு வெளியிடுபவர் புலனாய்வு நிருபர். பத்திரிகையாளர் சித்ரா சுப்பிரமணியத்தையே பாருங்கள். ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடம் இந்தியா பீரங்கி வாங்கிய பேரத்தில் லஞ்சம் என்று 1987-இல் ஸ்வீடன் வானொலி சொன்னது. ஜெனீவாவில் இருந்த சித்ரா விடாமல் துரத்தினார். அவர் திரட்டிய ஆவணங்கள் 1988 முதல் ‘தி இந்து’வில் வெளிவந்தன. அப்புறம் பெண் பத்திரிகையாளர்களுக்கான சமேலி தேவி விருதும் கிடைத்தது.

ஆவணம் கையில் வந்தால் போதாதா? போதாது. நிலம் வாங்குபவர் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பார்ப்பதுபோல ஒவ்வொரு தாளையும் சரிபார்க்க வேண்டும். தவறினால் வழக்கு வரும், பத்திரிகையின் பெயரும் கெடும். தகவல் தந்தவரையும் காப்பாற்ற வேண்டும், என்னைக் கேட்டால் இதுதான் கடினம். ஸ்வீடன் காவல் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம், சித்ராவுக்கு அந்த ஆவணங்களைத் தந்தது தான்தான் என்று 2012-இல்தான் வெளிப்படையாகச் சொன்னார்.

பலர் நினைப்பதுபோல இவர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் அல்ல. அது நீதிமன்றத்தின் வேலை.