ஸ்டாஃப் ரூமில் எனக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை

கேள்வி: ஜப்பானில் ஒரு சிறு நகரத்து நடுநிலைப் பள்ளியில் உதவி ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். ஏஜென்சி மூலம் கிடைத்த வேலை, இது இரண்டாவது வருடம். பிள்ளைகள் வாசலிலேயே கையசைக்கிறார்கள். ஆசிரியர்கள் மரியாதையாகத் தலைகுனிகிறார்கள், அதோடு சரி. போன வாரம் பாடம் எடுக்கப் போனால் வகுப்பில் ஒரு பிள்ளைகூட இல்லை. எல்லோரும் மைதானத்தில் விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சக ஆசிரியரும் பாடத்தைப் பற்றி என்னிடம் பேசுவதே இல்லை. நான் சைவம் என்பதால் மதியச் சாப்பாடும் என் மேசையில் தனியாகத்தான். மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்கட்டுமா, ஊருக்கே வந்துவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், கோவைப் பெண்

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். உங்கள் வருத்தத்தில் பாதிக்குக் காரணம் அதில் இருக்கலாம்.

வெளிநாட்டவரைப் பெரும்பாலும் உதவி ஆங்கில ஆசிரியர்களாக வரவழைக்க ஜப்பான் அரசு 1987-இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் வருகிறவர்களை உள்ளூர் நிர்வாகமே நேரடியாக வேலைக்கு வைக்கிறது. ஏஜென்சி வழியாகப் போகிறவர்கள் கதை வேறு. சில ஏஜென்சிகள் ஆளை அனுப்பிவைக்கின்றன. அப்போது பள்ளி ஆசிரியர் உங்களிடம் ‘இதைச் செய்யுங்கள்’ என்று சொல்லலாம். சில ஏஜென்சிகள் பாடம் நடத்தும் வேலையையே மொத்தக் குத்தகையாக எடுக்கின்றன. அந்த ஏற்பாட்டில் பள்ளி ஆசிரியர் உங்களுக்கு நேரடியாக வேலை ஏவினால் அது தொழிலாளர் சட்டப்படி தவறு. எதுவானாலும் ஏஜென்சி வழியாகத்தான் வரவேண்டும். பக்கத்தில் நின்று பாடம் நடத்துகிறவரிடம் பாடத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது கேட்கவே கோமாளித்தனமாக இருக்கிறது, ஆனால் நிலைமை அதுதான். உங்கள் சக ஆசிரியர் வாய் திறக்காததை உங்கள் மேல் உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளும் முன் இதைச் சரிபாருங்கள்.

அவர்களுடைய களைப்பையும் கணக்கில் வையுங்கள். ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2018-இல் பல நாடுகளில் நடத்திய ஆய்வில் ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்வதாகத் தெரிந்தது. கலந்துகொண்ட நாடுகளிலேயே அதுதான் அதிகம். அப்படி ஓடுகிறவருக்கு ‘ஐயோ, அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லையே’ என்று தோன்றுவது மாலையில்தான்.

அதற்காகக் காலி வகுப்பில் போய் நிற்க வேண்டியதில்லை. ஸ்டாஃப் ரூம் பலகையில் அன்றைய மாற்றங்கள் இருக்கும். காலைக் கூட்டத்தில் அதையே வேகமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். உங்களுக்குப் பிடிபட்டிருக்காது. துணைத் தலைமை ஆசிரியரிடம் போய் மாத நிகழ்ச்சித் தாள் ஒரு பிரதி கேளுங்கள். பள்ளியின் அன்றாட நிர்வாகம் அவர் கையில்தான். தலைமை ஆசிரியரிடம் போகவேண்டாம், இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அது பெரிய கதவு.

இனி சாப்பாடு. எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது இதுதான். அங்கே மதிய உணவும் பாடத்தின் பகுதி. வெள்ளை ஏப்ரன், தொப்பி போட்ட பிள்ளைகள் பரிமாற, ஆசிரியரும் அதே வகுப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். பிள்ளைகள் கூச்சமில்லாமல் பேசுகிற அந்த நேரத்தில் நீங்கள் ஸ்டாஃப் ரூமில் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருவது அங்கே புதிதல்ல. நீங்களும் உங்கள் டப்பாவோடு வகுப்பில் உட்காரலாமா என்று கேளுங்கள். எலுமிச்சை சாதம் ஏன் இப்படி மஞ்சளாக இருக்கிறது என்று ஒரு வாண்டாவது கேட்கும், அரைகுறை ஆங்கிலத்தில். உங்கள் வேலையே அதுதானே! ஆனால் ஒரு பருக்கைகூட யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நம் ஊர்ப் பாசம் அங்கே ஒவ்வாமை விவகாரமாகிவிடும்.

துப்புரவு நேரத்தில் பிள்ளைகளோடு ஒரு துணியை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். பள்ளி முடிந்த பிறகு நடக்கும் கிளப்புகளுக்கு மட்டும் தினமும் போகாதீர்கள். உங்களுக்குச் சம்பளம் இல்லாத நேரம் அது. போக ஆசையிருந்தால் வாரத்தில் ஒரு நாள், அதுவும் ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டு.

இவ்வளவு செய்தாலும் ஸ்டாஃப் ரூமில் ஓரளவுக்கு விருந்தாளியாகத்தான் இருப்பீர்கள். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வேலையில் ஒரு ஊர் உங்களை முழுசாகச் சொந்தம் கொண்டாடும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். அங்குள்ள அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கே சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றல் வருகிறது. ஏப்ரலில் புது ஆட்கள் வருவார்கள், மேசைகளும் இடம் மாறும். அப்போது நீங்கள்தான் பழைய ஆள். ஒரு வகுப்புக்கான ஆசிரியர்கள் கூட்டமாக உட்காரும் மேசைகளுக்குப் பக்கத்தில் இடம் வேண்டும் என்று மார்ச்சிலேயே சொல்லிவையுங்கள். வேறு எந்த மாதத்தையும்விட அப்போது கேட்டால் நடக்கும்.

ஊருக்கு வருவதா என்பதை இப்போதே முடிவு செய்யாதீர்கள். கையெழுத்துப் போடும் முன் ஏஜென்சியிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: அடுத்த வருடமும் இதே பள்ளியா, வாரம் முழுக்க இங்கேயா, அல்லது நாலைந்து பள்ளிகளுக்குப் பிரித்துப் போடுவார்களா? இதே பள்ளிதான் என்றால் இன்னொரு வருடம் இருந்து பாருங்கள். திங்கள் ஒரு பள்ளி, செவ்வாய் ஒரு பள்ளி என்று அலையவிடுவார்கள் என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் கையெழுத்துப் போடமாட்டேன்.