படகில் குடித்தனம்: வாசகர் கேள்விகள்

(கணவர், மகள், மகன் என நான்கு பேராக 12 மீட்டர் பாய்மரப் படகில் பல வருடங்கள் நாடு நாடாகச் சுற்றி வாழ்ந்தவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: பெருங்கடலைக் கடக்கும்போது இரவில் படகை எங்கே நிறுத்திவிட்டுத் தூங்குவீர்கள்?

என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நிறுத்த முடியாதுங்க. நடு அட்லாண்டிக்கில் ஆழம் பல இடங்களில் 4,000 மீட்டரைத் தாண்டும். எங்கள் நங்கூரச் சங்கிலியின் நீளம் 70 மீட்டர். அதனால் ராத்திரி, பகல் என்று பார்க்காமல் படகு போய்க்கொண்டேதான் இருக்கும். கேனரித் தீவுகளிலிருந்து கரீபியன் தீவுகளுக்குச் சுமார் 2,700 கடல் மைல். எங்கள் மாதிரிப் படகுக்கு மணிக்கு ஐந்தாறு கடல் மைல் வேகம் கிடைத்தாலே பெரிது, ஆகவே அது மூன்று வாரப் பயணம்.

சுக்கானை ஆட்டோபைலட் பார்த்துக்கொள்ளும். ஆனாலும் ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும். அடிவானத்தில் ஒரு சரக்குக் கப்பலின் விளக்கு தெரிகிறதென்றால், அது நம் பக்கத்தில் வந்து நிற்க இருபது நிமிடம்கூட ஆகாமல் போகலாம். நானும் கணவரும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மாறி மாறிக் காவல் இருப்போம். முதல் மூன்று நாள் தலை கிறுகிறுக்கும், எதைக் கேட்டாலும் எரிச்சல் வரும். அப்புறம் உடம்பு பழகிவிடும்.

மகளுக்குப் பதினொரு வயதானதும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை காவலைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்திலேயே படுத்திருப்பேன். சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ். திரையில் வரும் கப்பலின் பெயர், போகிற துறைமுகம், வேகம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைப்பாள். கப்பல் ரொம்ப நெருங்கினால் வி.எச்.எஃப். ரேடியோவில் 16ஆம் சேனலில் கூப்பிடுவதும் அவள்தான். ஒரு தடவை எதிர்முனையில் இருந்த அதிகாரி அந்தச் சின்னக் குரலைக் கேட்டுக் கொஞ்சம் தயங்கிவிட்டு, "எஸ், மேடம்" என்று சொல்லிக் கப்பலைத் திருப்பினார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவளிடம் யாரும் பேச முடியவில்லை.

கேள்வி: என் சின்னவனுக்கு நான்கு வயது. கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடுவான். படகில் எப்படி வைத்துக்கொள்வது?

படகைச் சுற்றி இடுப்பளவில் கம்பி போகும். அதில் மேலிருந்து கீழ்வரை வலை கட்டிவிடுங்கள். இது முதல் வேலை. அடுத்தது விதிகள். நிறைய வேண்டாம், இரண்டே போதும். கேபின் படியேறி மேலே வந்தால் லைஃப் ஜாக்கெட். படகு ஓடும்போது காக்பிட்டை, அதாவது சுக்கான் இருக்கும் பள்ளமான இடத்தை, தாண்டினால் இடுப்பு வாரின் கொக்கி, தளத்தின் நீளத்துக்குக் கட்டியிருக்கும் பட்டையில் மாட்டியிருக்க வேண்டும்.

இந்த விதிகள் அப்பாவுக்கும் உண்டு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆண்கள் படகின் ஓரத்தில் நின்று சிறுநீர் கழிக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். சிரிக்காதீர்கள், விழுகிறவர்களில் அப்படி விழுகிறவர்களும் உண்டு. அதே மாதிரி, ராத்திரி தனியாகக் காவல் இருப்பவர் பாயைச் சுருக்க வேண்டுமென்றால் அடுத்தவரை எழுப்பிவிட்டுத்தான் காக்பிட்டை விட்டு வெளியே போகலாம். ஆறு நாட் (மணிக்கு ஆறு கடல் மைல்) வேகத்தில் போகும் படகு ஒரே நிமிடத்தில் 180 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். அலைகளுக்கு நடுவே மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுக்குத்தான் தெரியும்.

நடுக்கடலில் எல்லாரும் உஷாராக இருப்பார்கள். நங்கூரம் போட்டு, பெரியவர்கள் காபியோடு உட்கார்ந்து பேச ஆரம்பிக்கும்போதுதான் எனக்குப் பயம். கரைக்குப் போய்வரும் டிங்கியின் மோட்டாரை ஓட்டுபவர், அதை அணைக்கும் சிவப்புக் கயிற்றைக் காலிலோ இடுப்பிலோ மாட்டாமல் கிளப்பவே கூடாது. ஓட்டுபவர் விழுந்தால் மோட்டார் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஆளில்லாத டிங்கி, விழுந்தவர்களைச் சுற்றிச் சுற்றி வரும், சுழலும் புரொப்பெல்லரோடு.

கேள்வி: என் கணவர் படகு வாங்கியே தீருவேன் என்கிறார். எனக்குக் காரில் போனாலே வாந்தி. என்ன செய்யட்டும்?

வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் வாடகைப் படகில் போய்ப் பாருங்கள். பலருக்கு இரண்டு மூன்று நாளில் குமட்டல் அடங்கிவிடும். மேலே காற்றாட உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள். முடிந்தால் சுக்கானை நீங்களே பிடியுங்கள். ஓட்டுகிறவருக்குக் குமட்டல் குறைவு. கீழே போய்ப் பாத்திரம் தேடுகிறவருக்குத்தான் அதிகம். மாத்திரை என்றால் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபலமின் பட்டையை மருத்துவரிடம் கேட்டுவிட்டே பயன்படுத்துங்கள். குழந்தைகளுக்கு ஒட்டிவிடாதீர்கள். முதல் மூன்று நாளுக்கான சாப்பாட்டைக் கிளம்பும் முன்பே சமைத்து வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் குமட்டல் கணவருக்கு, அதனால் இந்தச் சமையலும் அவர் பொறுப்பு.

ஒரு வாரம் பார்த்தும் அடங்கவில்லையா? கிரேக்கத் தீவுகள் மாதிரி, காலையில் கிளம்பி மதியத்துக்குள் அடுத்த விரிகுடாவில் நங்கூரம் போடும் இடங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். நீண்ட தூரத்தை அவர் நண்பர்களோடு ஓட்டட்டும், நீங்களும் பிள்ளைகளும் விமானத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் செய்கின்றன. பெருங்கடலைக் கடந்தால்தான் படகு வாழ்க்கை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும்?

ஊர் சுற்றினாலே படிப்பு வந்துவிடும் என்பவர்களை நான் நம்புவதில்லை. திமிங்கிலத்தைப் பார்த்தால் பெருக்கல் வாய்ப்பாடு வந்துவிடாது. காலையில் இரண்டு மணி நேரம், கணக்கும் எழுத்தும். நங்கூரம் போட்டிருந்தாலும் உண்டு, மரினா என்கிற படகுத்துறையில் நின்றாலும் உண்டு. கடல் பயணத்தின் முதல் சில நாள் மட்டும் விடுமுறை, புத்தகத்தைக் குனிந்து பார்த்தாலே குமட்டும் என்பதால். பிரெஞ்சுக் குடும்பங்கள் பல, 1939இல் தொடங்கிய சி.என்.ஈ.டி. என்ற அரசுத் தொலைநிலைக் கல்வியில் பதிந்துகொண்டு வருகின்றன. ஜெர்மனி மாதிரி சில நாடுகளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம். உங்கள் நாட்டு விதியைக் கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

படகு தானாகச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு, மறுக்கவில்லை. மகனுக்குப் பின்னக் கணக்கு டீசல் டேங்கில் புரிந்தது. ஓத அட்டவணையைப் பார்த்து, "இப்போது உள்ளே நுழைந்தால் அடிப்பாகம் தட்டும், இரண்டு மணி நேரம் கழித்துப் போகலாம்" என்று அவன் சொன்னபோது நாங்கள் காத்திருந்தோம். ஆனால் அவன் கையெழுத்து இன்றைக்கும் பார்க்கச் சகிக்காது.

கேள்வி: பதினான்கு வயது மகள் வரவே மாட்டேன் என்கிறாள். கட்டாயப்படுத்தலாமா?

கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனால் 12 மீட்டருக்குள் அவள் கோபத்துக்கு எங்கே இடம் கொடுப்பீர்கள்? கடல் வாழ்க்கை பிடித்துப்போய், போதவில்லை என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. பெற்றோரின் கடல் பயணத்துக்கு நடுவே 1995இல் நியூசிலாந்தில் பிறந்த லாரா டெக்கர், பதின்மூன்று வயதில் தனியாக உலகைச் சுற்றப் போகிறேன் என்றாள். நெதர்லாந்து நீதிமன்றம் அவளைக் குழந்தைகள் பாதுகாப்புத் துறையின் மேற்பார்வையில் வைத்துத் தடுத்துப் பார்த்தது. கடைசியில் 2010இல் கிளம்பி, 2012 ஜனவரியில் பதினாறு வயதில் சுற்றி முடித்தாள். அது ஆயிரத்தில் ஒன்று. மற்ற பிள்ளைகளுக்கு வேண்டியது சினேகிதிகள்.

அதனால் முதலில் அவளுக்கு ஒரு மூலை கொடுங்கள், கதவுள்ள கேபினாக இருந்தால் நல்லது. நீங்கள் இருவரும் வரவேற்பறை இருக்கையில் படுத்தாலும் பரவாயில்லை. அடுத்தது, பிள்ளைகள் உள்ள படகுகளைத் தேடிப் போங்கள். நங்கூரத் துறையில் எந்தப் படகின் கம்பியில் சின்னச் சின்னத் துணிகள் காய்கின்றன என்று பார்த்தால் போதும். பனாமா கால்வாயைக் கடக்கும்போது ஒவ்வொரு சிறு படகிலும் ஓட்டுபவரைத் தவிரக் கயிறு பிடிக்க நான்கு பேர் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் படகுக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஆள் உதவி செய்துகொள்வோம். அப்படிக் கணவர் கயிறு பிடிக்கப் போன படகில்தான் எங்கள் மகளுக்குத் தோழி கிடைத்தாள். அந்தப் படகு எந்தத் தீவுக்குப் போகிறதோ அங்கே நாங்களும் என்று எங்கள் வழியே மாறிப்போனது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. தென் பசிபிக்கில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம், எந்தச் சினேகிதத்துக்காகவும் அங்கே தங்க முடியாது.

கேள்வி: குளிப்பதற்கும் துவைப்பதற்கும் தண்ணீர்?

எங்கள் டேங்க் 400 லிட்டர். கடல் நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர் மணிக்குச் சுமார் 30 லிட்டர் தரும், சோலார் பேனல் ஒத்துழைத்தால். துறைமுகத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும், அங்கே ஓட்டினால் உள்ளே இருக்கும் சவ்வு பாழ். அதனால் துறைமுகத்தில் நங்கூரம் போட்டுக் கிடக்கும் நாட்களில்தான் சிக்கனம் அதிகம்!

பாத்திரம் கடல் நீரில், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். குளியல் என்றால் பின்படியிலிருந்து கடலில் ஒரு முங்கு, சோப்பு, இன்னொரு முங்கு, அப்புறம் செடிக்கு மருந்து தெளிக்கும் புது பம்பில் இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர். அந்த இரண்டு லிட்டரை மிச்சம் பிடிக்காதீர்கள். உடம்பிலோ துணியிலோ உப்பு தங்கினால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு பிள்ளை உப்புக் காலோடு மெத்தையில் ஏறினால், அந்த மெத்தையை நல்ல தண்ணீரில் அலசும்வரை அது காயாது. எங்கள் படகில் சத்தமான சண்டைகள் புயலைப் பற்றி வந்ததில்லை, இந்த உப்புக் கால்களைப் பற்றித்தான்.

கேள்வி: கணவன் மனைவி இருபத்து நான்கு மணி நேரமும் முகத்தோடு முகம். சண்டை வராதா?

வரும். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக முடியாது, படகின் முன்முனை வரைதான் போகலாம். எங்களுக்கு உதவியது ஒன்று: நங்கூரம் போடும்போது சுக்கானில் நான், முன்முனையில் சங்கிலியோடு அவர், நடுவில் கை சைகைதான், கத்தல் கிடையாது. பல படகுகளில் மனைவியை முன்னால் நிறுத்திக் கனமான சங்கிலியை இழுக்கவிட்டு, கணவர் பின்னால் நின்று சத்தம் போடுவார். எனக்கு இதன் நியாயம் இன்றுவரை புரிந்ததில்லை.

கேள்வி: ஒவ்வொரு நாட்டிலும் விசா, அனுமதியெல்லாம் எப்படி?

வலையும் பாயும் பிடிக்கிற நேரத்தைவிடக் காகிதம் பிடிக்கிற நேரம் சில மாதங்களில் அதிகம். புது நாட்டுக்குள் நுழைந்ததும் மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். படகின் தலைவர் மட்டும் கரையிறங்கிக் குடியேற்றம், சுங்கம், துறைமுகம் எல்லாம் முடித்து வருவார். அதுவரை பிள்ளைகள் எதிரே தெரியும் கடற்கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முடிந்ததும் மஞ்சளை இறக்கி, வலப்பக்கம் அந்த நாட்டுக் கொடி. முந்தைய துறைமுகம் கொடுத்த புறப்பாட்டுச் சீட்டு கையில் இருக்க வேண்டும். ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்க நாடுகளில் அதற்குச் சார்ப்பே என்று பெயர்.

ஐரோப்பாவில் ஒரு வேடிக்கை. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் பொது விசா உள்ள ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம், வெளிநாட்டுப் படகோ வரி கட்டாமல் 18 மாதம் இருக்கலாம். நாங்கள் வெளியே போய்விட, படகு மட்டும் அங்கே சுகமாக ஓய்வெடுத்தது.

நியூசிலாந்துக்குப் போகிறவர்கள், வந்து சேர்வதற்கு 48 மணி நேரம் முன்பாவது தகவல் கொடுக்க வேண்டும். படகின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது 2018இலிருந்து விதி. தேன், பழம், காய்கறி மிச்சமிருந்தால் பறிமுதல். ஆகவே கடைசி சில நாள் விநோதமான சமையல்தான். மகனின் கிளிஞ்சல் பெட்டியையும் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், பொறுமையாக, அவனிடம் கதை கேட்டுக்கொண்டே.

கேள்வி: திமிங்கிலம் இடித்துப் படகு மூழ்கிவிடும் என்கிறார்களே?

நடந்திருக்கிறது. 1972 ஜூனில் கலாபகஸ் தீவுகளுக்கு மேற்கே ராபர்ட்சன் குடும்பத்தின் லூசெட் என்ற படகை ஓர்காக்கள் (கொலைத் திமிங்கிலம் என்பார்கள்) இடித்து மூழ்கடித்தன. பன்னிரண்டு வயது இரட்டையர் உட்பட ஆறு பேர் மழைத் தண்ணீரும் ஆமையுமாக 38 நாள் மிதந்தார்கள். ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்று மீட்டது. ஆறு பேரும் பிழைத்தார்கள். இன்று 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியின் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே மீட்பு மையத்துக்குச் செய்தி போய்விடும். அதன் பேட்டரி காலாவதித் தேதியைப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், மறக்க மாட்டார்கள்.

2020இலிருந்து ஜிப்ரால்டர், போர்ச்சுகல் பக்கம் ஓர்காக்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானைக் கடிக்கின்றன. சில படகுகள் மூழ்கியும் இருக்கின்றன. அங்கே கரையை ஒட்டி ஆழம் குறைவான பகுதியில் போகச் சொல்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம், கொஞ்சம் வேகமாக.

கேள்வி: பூனையைக் கூட்டிப்போகலாமா?

போகலாம். நுண்சிப், ரேபிஸ் தடுப்பூசிச் சான்று இரண்டும் வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உங்கள் வழியில் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள், அங்கே பூனை படகை விட்டு இறங்க முடியாது. அப்புறம், படகின் பின்புறம் தடிமனான கயிற்று வலை ஒன்றைத் தண்ணீருக்குள் தொங்கும்படி கட்டிவையுங்கள். பூனை என்றைக்காவது விழத்தான் செய்யும், ஏறி வர அதற்கு ஒரு பிடி வேண்டும்.