அட்டையைக் காட்டினால் பேரன் பேசாமல் போய்விடுவானா?

கேள்வி: என் பேரனுக்கு நான்கு வயது. "ம்மா", "தா" தவிர வேறு சொல் வரவில்லை. வேண்டியதற்கு என் கையைப் பிடித்து இழுக்கிறான். எனக்குப் புரியாவிட்டால் கடிக்கிறான். படத்தைத் தொட்டு வேண்டியதைச் சொல்லும் பட அட்டையைப் பழக்கலாம் என்றால், "அப்புறம் வாயே திறக்க மாட்டான்" என்கிறார்கள் பக்கத்து வீட்டார். மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் பகலெல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். என்ன செய்யலாம்?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அம்மா, இந்தப் பயத்தைப் படித்தவர்களிடமும் கேட்டிருக்கிறேன். 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, வளர்ச்சிக் குறைபாடு உள்ள 27 பேரின் விவரங்களை அலசியது. சைகையோ படமோ கருவியோ பழகியதால் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 விழுக்காட்டினருக்குக் கூடியது, பெரும்பாலும் கொஞ்சமாகத்தான். ஆகவே, அட்டை பேச வைத்துவிடும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். பேச்சைத் தடுக்காது, அவ்வளவுதான்.

முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள். அரசாங்க கிளினிக்கில் சொன்னால் மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். அந்தத் தேதி வரும்வரை அட்டையை ஒத்திப்போட வேண்டியதில்லை.

அட்டையில் என்ன ஒட்டுவது? மைலோ, பிஸ்கட், வாழைப்பழம் என்றுதான் பல வீடுகளில் தொடங்குகிறார்கள். அது மளிகைக் கடைப் பட்டியல். வயிறு நிறைந்ததும் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமிருக்காது. என்னைக் கேட்டால், முதல் படம் 'வேண்டாம்'. கடிக்கிற பிள்ளை பல நேரம் சொல்ல வருவது அதைத்தான். அவன் அதைத் தொட்டால் மதியுங்கள். மருந்து, குளியல் போலத் தவிர்க்க முடியாததாக இருந்தால், "வேண்டாமா? சரி, ஐந்து நிமிடம் கழித்து" என்றாவது சொல்லுங்கள். அடுத்து 'இன்னும்', 'போதும்', 'வா', 'வலி', 'திற'. மைலோ டின், கதவு, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் ஒரே 'திற' போதுமே! படத்தின் கீழே வீட்டில் புழங்கும் சொல்லையே எழுதுங்கள். 'அருந்து' வேண்டாம், 'குடி' போதும். பாலர் பள்ளிக்குப் போகும்போது அதே படத்தின் அடியில் மலாய்ச் சொல்லையும் சேர்க்கலாம். வீட்டில் தமிழை விட்டுவிடத் தேவையில்லை.

இனிதான் முக்கியமானது. அட்டையை நீட்டி, "எது? காட்டு, காட்டு" என்று பரீட்சை வைக்காதீர்கள். அட்டையைத் தொட்டுப் பேச வேண்டியவர் முதலில் நீங்கள். எந்தக் குழந்தையும் ஏறக்குறைய ஓர் ஆண்டு நம் பேச்சைக் கேட்டபிறகுதானே முதல் சொல்லைச் சொல்கிறது? அட்டைக்கு மட்டும் ஒரே வாரத்தில் பலன் கேட்கிறோம். ரொட்டியைப் பிய்த்து ஊட்டும்போது 'இன்னும்' படத்தைத் தொட்டு, "இன்னும் வேண்டுமா?" என்று கேளுங்கள். பிறகு பத்து விநாடி பேசாமல் இருங்கள். பாட்டிகளுக்கு அந்தப் பத்து விநாடிதான் பெரும்பாடு. அவன் கண்ணால் படத்தைப் பார்த்தாலே அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படத்தைத் தொட்டால் பேசும் டேப்லெட் கணினிக்கு இப்போது அவசரமில்லை. ஸ்பெயினின் அராகோன் மாநில அரசு நடத்தும் 'அராசாக்' தளத்தில் படங்கள் இலவசம். மகளிடம் சொல்லி அச்செடுத்து லேமினேட் செய்யுங்கள். ஒரே அட்டையைப் பல பிரதி எடுத்து, சமையலறையில் ஒன்று, குளியலறைச் சுவரில் ஒன்று, வெளியே போகும்போது உங்கள் பையில் ஒன்று. அருகில் பி.டி.கே. எனப்படும், மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக மறுவாழ்வு நிலையம் எங்கே என்று சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே சேர்த்தால் இதே அட்டையைக் கொடுத்தனுப்புங்கள். இடத்துக்கு ஒரு விதமான அட்டை என்றால் பிள்ளை குழம்புவான்.