நாவல் சாற்றைப் பொடியாக்குவது: கேள்வி பதில்

கேள்வி: மேடம், சாற்றைத் துளித்துளியாகத் தெளித்துச் சூடான காற்றில் காயவைக்கும் ஸ்ப்ரே டிரையரில் 160 டிகிரிக் காற்று அடிக்கிறதே, நாவல்பழத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட் எல்லாம் கருகிவிடாதா?

பதில்: 160 என்பது உள்ளே நுழையும் காற்றின் சூடு. சாற்றுத் துளிக்கு அவ்வளவு சூடு ஏறாது. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ, அப்படித்தான் ஈரம் ஆவியாகும் வரை துளியும் குளிர்ச்சியாக இருக்கும். சில நொடிகளில் காய்ந்து கீழே வந்துவிடும். காய்ந்த பொடிமேல் படுவது வெளியேறும் காற்றின் சூடு. அதனால் அந்தச் சூட்டைக் காட்டும் அவுட்லெட் மீட்டரைப் பாருங்கள். 80-90க்குள் நிற்கிற மாதிரி சாறு விடும் வேகத்தைக் கூட்டிக் குறையுங்கள்.

கேள்வி: அக்கா, வெறும் சாற்றை விட்டேன். பொடியே வரவில்லை, டிரையரின் உள்ளறையான சேம்பரின் சுவர் முழுக்கப் பாகு மாதிரி அப்பிக்கொண்டது.

பதில்: பழச் சர்க்கரை செய்த வேலை அது. காய்ந்த குளுக்கோஸ் சுமார் 31 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், ஃப்ரக்டோஸ் 5 டிகிரியிலேயே. அதனால் மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின் பொடியைச் சாற்றில் கலக்க வேண்டும். அது 100 டிகிரி தாண்டியும் விறைப்பாக நிற்கும், சாற்றின் நிறச்சத்தையும் தனக்குள் பொதிந்துகொள்ளும். கடையில் டி.இ. 10 என்று கேட்டு வாங்குங்கள் (மாவுச்சத்து எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது), 20 சீக்கிரம் இளகும். அளவுக்கு பிரிக்ஸ் பாருங்கள், அதாவது நூறு கிராம் சாற்றில் எத்தனை கிராம் திடப்பொருள் கரைந்திருக்கிறது என்று. 12 பிரிக்ஸ் சாறு 10 கிலோ என்றால் அதில் திடப்பொருள் 1.2 கிலோ. அதே 1.2 கிலோ மால்டோடெக்ஸ்ட்ரினில் தொடங்கி, ஒட்டாத வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: அதற்குப் பதிலாக நம்மூர் கருவேலம் பிசின் போடலாமா?

பதில்: இந்த வேலைக்குப் போடும் பிசின் கம் அரபிக். அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் சூடான் பக்கத்து அக்கேசியா செனகல் மரத்துப் பிசின், நம் கருவேலம் வேறு. மால்டோடெக்ஸ்ட்ரினில் ஒரு பங்குக்குப் பதிலாக கம் அரபிக் கலந்தால் நல்லதுதான். விலைதான் கூடுதல்.

கேள்வி: பொடியில் சத்து நிற்கிறதா என்று வீட்டில் பார்க்க முடியுமா?

பதில்: ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து எலுமிச்சை பிழியுங்கள், பளிச்சென்று சிவக்க வேண்டும். இன்னொரு கிளாஸில் சமையல் சோடா போட்டால் நீலம் பாயும். நிறம் மாறினால் ஆந்தோசயனின் என்கிற நிறச்சத்து இருக்கிறது. எவ்வளவு என்பதற்கு லேப்தான். அப்புறம், பொடியை உடனே அலுமினியப் பூச்சுள்ள பையில் சீல் வையுங்கள். மழை நாளில் அரைமணி திறந்து கிடந்தாலே கட்டி தட்டும்.

கேள்வி: பாக்கெட்டில் ‘சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது’ என்று போடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் உடம்பில் குளுக்கோஸாகவே உடைந்து ரத்தச் சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றும். நாவல் என்றாலே சர்க்கரைக்கு நல்லது என்று நம்பி வாங்குகிறவர்கள் நிறைய. எடையில் எத்தனை பங்கு மால்டோடெக்ஸ்ட்ரின் என்பதைப் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்.