‘இ’யின் சுழி அடைகிறதா? பேனா முள்ளைத் தேர்வது எப்படி

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு ஜெர்மன் மைப்பேனா ஒன்று வாங்கினோம். முள்ளில் ‘எம்’ (மீடியம், நடுத்தரம்) என்று பொறித்திருக்கிறது. நோட்டில் எழுதினால் இ, ஞ, ணை எல்லாம் சுழி அடைந்து மைப்பொட்டாக நிற்கின்றன. கடையில் ‘ஈ.எஃப்.’ (எக்ஸ்ட்ரா ஃபைன், மிக மெல்லியது) முள் வாங்கச் சொல்கிறார்கள். அதுதான் சரியா?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: ஈ.எஃப். வாங்குவதற்கு முன் ஒரு ஸ்கேலை எடுங்கள்.

மகள் வழக்கமாக எழுதிய பக்கத்தில், மேல்விலங்கு, கீழ்விலங்கு (‘கி’, ‘கு’ போன்றவற்றில் மேலும் கீழும் நீளும் பகுதி) நீக்கி எழுத்தின் உடம்பை மட்டும் அளக்க வேண்டும். கோட்டுக்குக் கோடு 8 மி.மீ. உள்ள நோட்டில் பெரும்பாலும் 4 மி.மீ. வரும், பொடி எழுத்துக்காரர்களுக்கு 3. அடுத்து அதே நோட்டில், அதே பேனாவால், பத்துக் கோடுகளை இடைவெளியில்லாமல் ஒட்டி ஒட்டிப் போடச் சொல்லுங்கள். மொத்த அகலத்தைப் பத்தால் வகுத்தால் கோட்டின் அகலம் கிடைக்கும். கை நடுங்கியிருக்கலாம், இரண்டு முறை போட்டுப் பாருங்கள்.

இப்போது ‘இ’யை எடுத்துக்கொள்வோம். சுழியின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தால் மேல்வளைவு, சுழியின் மேல்பக்கம், அதன் கீழ்பக்கம், அடிக்கோடு என்று நான்கு இடத்தில் மை குறுக்கிடும். நடுவே மூன்று வெள்ளை இடம். வெள்ளையும் மையளவாவது இருந்தால்தான் கண்ணுக்குச் சுழி தெரியும். ஆக, எழுத்தின் உயரத்தை ஏழால் வகுங்கள். 4 மி.மீ. எழுத்துக்கு 0.57, 3 மி.மீ. எழுத்துக்கு 0.43. அதற்கு மேல் தடித்த கோடு ஆகாது.

ஜெர்மன் எம் சுமாராக 0.7 முதல் 0.8 மி.மீ. கோடு போடும். அடையாமல் என்ன செய்யும்? ஜெர்மன் எஃப் (ஃபைன், மெல்லியது) 0.55–0.6, ஈ.எஃப். 0.4–0.5. ஜப்பான் முள் ஒரு படி மெலிந்தது. அங்கத்திய எஃப் 0.4-ஐ ஒட்டி வரும், அதாவது ஜெர்மன் ஈ.எஃப்.புக்குப் பக்கம். இதற்கெல்லாம் பொதுவான தர அளவு கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு எஃப் முள்ளே ஒன்றுபோல் இருப்பதில்லை. முள்ளில் பொறித்த எழுத்தை நம்பாமல் கோட்டைப் போட்டுப் பார்ப்பது அதனால்தான்.

குற்றம் முள்ளில்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். நல்ல வழுவழுப்பான தாளில் அதே பத்துக் கோடு போடுங்கள். அங்கே 0.6-ம் நோட்டில் 0.8-ம் வந்தால், தாள் மையை உறிஞ்சிப் பரப்புகிறது. தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் நமத்த தாளில் இது இன்னும் கூடும். அப்போது குறைவாக இறங்கும் வேறு மையைப் போட்டுப் பார்ப்பதே மலிவான வைத்தியம். மை மாற்றும்போது கழுவுகிற நீர் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம். தாமிரபரணித் தண்ணீர் வரும் வீடென்றால் குழாய்த் தண்ணீர் போதும். ராதாபுரம் பக்கத்து உவர்த்த போர்த் தண்ணீர் உள்ளே உப்புப் படிய வைக்கும், அங்குள்ளவர்கள் குடிதண்ணீரில் கழுவட்டும்.

பால்பாயின்ட் பழக்கத்தில் அமுக்கி எழுதுகிறாளா என்று கவனியுங்கள். அமுக்கினால் முள்ளின் பிளவுக்கு இரு பக்கமும் விரிந்து மை கூடுதலாக இறங்கும். நாளடைவில் விரிந்தது விரிந்தபடியே நின்றுவிடும். வெளிச்சத்தில் பிடித்து லென்ஸில் பாருங்கள். பிளவு நுனியை நோக்கிக் குறுகிச் சேர வேண்டும். நுனியிலேயே வெளிச்சம் தெரிந்தால் முள் கெட்டிருக்கிறது. அமுக்கும் கைக்கு ஈ.எஃப். கொடுப்பது இன்னும் மோசம். சொரசொரத்த நோட்டில் அது நாரைக் கிள்ளி எடுக்கும், நார் பிளவில் மாட்டினால் கோடு திடீரென்று தடிக்கும். பேனாவை ஏறத்தாழ 50 பாகை சாய்த்து, தன் எடையிலேயே ஓடவிடப் பழக்குங்கள்.

எழுத்து 4 மி.மீ. என்றால், கோடு 0.57-ஐத் தாண்டாத ஜெர்மன் எஃப்பே போதும். 3 மி.மீ. என்றால் ஜப்பான் எஃப். 1.1 மி.மீ. பட்டை முள்ளை யாராவது அழகென்று சொன்னால் கல்யாணப் பத்திரிகை உறையில் பெயர் எழுத வைத்துக்கொள்ளுங்கள், பாட நோட்டுக்கு அல்ல.

புதுப் பேனா வாங்க வேண்டியதில்லை. உங்கள் பேனா லாமி சஃபாரியாக இருந்தால் முள் தனியாகவே கிடைக்கும். முள்ளின் மேல்பக்கம் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, வளைக்காமல் நேராக முன்பக்கம் இழுத்தால் கழன்றுவிடும். புதியதை அதே வழியில் தள்ளிச் செருகுங்கள். வேறு பேனா என்றால் முள் உருவக்கூடியதா, திருகிக் கழற்றுவதா என்று கடையில் கேட்டபின் கைவையுங்கள்.