அது யாருடைய நாய்?

கேள்வி: காலையில் நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில், கழுத்துப்பட்டை இல்லாத நாய் ஒன்று, அத்தனை பேரில் என்னைத் தேர்ந்தெடுத்து வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது. இதையும் வளர்க்கலாமா?

பதில்: ‘தேர்ந்தெடுத்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். பரிசுக் குழுக்களோடு எனக்குள்ள பழைய வழக்கை அறிந்த வாசகர்களுக்கு, இந்தச் சொல்லை நான் சும்மா விடமாட்டேன் என்பது தெரியும். யார் யாரைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னாலும், போட்டியில் வேறு யார் இருந்தார்கள் என்பதே என் முதல் கேள்வி. ஓடுகிறவர் நிற்கமாட்டார்; கைபேசியில் பேசிக்கொண்டு போகிறவர் கீழே பார்க்கமாட்டார்; நீங்கள் ஒருவர்தான் நின்று, குனிந்து, குரலைக் குழைத்துக் கொஞ்சியிருப்பீர்கள். போட்டியின்றி வென்றவர் ஏற்புரையைச் சுருக்கமாக முடித்துக்கொள்வதே அழகு.

தெருநாய்களில் உண்மையாகவே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்றை உலகம் அறியும். குளிரையும் பசியையும் தாங்கிப் பழகியவை என்பதற்காக மாஸ்கோ தெருக்களில் பிடித்த நாய்களில் ஒன்றான லைக்காவை, 1957 நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக் 2 கலத்தில் ஏற்றி விண்ணுக்கு அனுப்பினார்கள். திரும்பி வருவதற்கான ஏற்பாடே அந்தக் கலத்தில் கிடையாது. பல நாள் உயிரோடு இருந்ததாக நெடுங்காலம் சொல்லப்பட்ட அந்த நாய், வெப்பம் தாங்காமல் சில மணி நேரத்திலேயே இறந்துவிட்டது என்ற உண்மை 2002-இல்தான் வெளியே வந்தது. தேர்வுக் குழுக்கள் மீது எனக்குள்ள ஐயத்துக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

உங்கள் விருந்தாளிக்கு வருவோம். பட்டை இல்லை என்பதனாலேயே அது தெருநாய் ஆகிவிடாது. பட்டை அறுந்து விழும், தலை வழியாக நழுவும், சில வேளை திருடனே கழற்றி எறிவான். கழுத்து மயிரை விரலால் விலக்கிப் பாருங்கள். நாள்பட்டுப் பட்டை கிடந்த இடத்தில் மயிர் படிந்தோ தேய்ந்தோ ஒரு வளையம் தெரியும். ‘உட்கார்’ என்று சொன்னதும் உட்கார்கிறதா, கதவு திறந்ததும் உள்ளே நுழையத் துடிக்கிறதா என்றும் கவனியுங்கள். இவற்றில் ஏதேனும் இருந்தால், அது வழிதவறிய வளர்ப்பு நாயாக இருக்கலாம்; உங்களைப் பின்தொடர்ந்தது உங்கள் முகராசியால் அன்று, தன் வீட்டாரைத் தேடும் தவிப்பால்தான். மாறாக, காதில் ஒழுங்கான சிறு வெட்டு இருந்தால், கருத்தடை செய்து பழைய இடத்திலேயே விடப்பட்ட நாய் என்பதற்குப் பல நாடுகளில் அதுவே அடையாளம். அதற்கு ஓர் இடமும், வேளைக்குச் சோறு வைக்கும் ஆட்களும் ஏற்கெனவே இருக்கக்கூடும்.

ஆகவே ‘வளர்க்கலாமா’ என்ற கேள்வி இப்போதைக்கு எழவே இல்லை. முதலில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், தோளெலும்புகளுக்கு நடுவே தோலுக்கடியில் அடையாளச் சில்லு (மைக்ரோசிப்) இருக்கிறதா என்று கருவியால் பார்க்கச் சொல்லுங்கள். அரிசி மணியளவே உள்ள அந்தச் சில்லு நாய் எங்கே போகிறது என்று காட்டிக்கொடுக்கும் ஒற்றன் என்று பலர் நம்புகிறார்கள். அதில் மின்கலமும் இல்லை, வழிகாட்டும் திறனும் இல்லை, கருவி காட்டினால் ஓர் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். சர்வதேசத் தரத்தில் அது 15 இலக்க எண். வீடும் தொலைபேசி எண்ணும் மாறியதை, அந்தச் சில்லின் எண்ணுக்குரிய பதிவேட்டில் சொல்லாமல் விட்ட உரிமையாளரின் நாய்க்கு அந்த எண்ணால் பயனில்லை. அப்போது விளம்பரம் செய்யத்தான் வேண்டும். ஆனால், நாயின் எல்லா அடையாளங்களையும் படத்தோடு அச்சிட்டுவிட்டு, பிறகு யார் வந்து கேட்டாலும் நம்பும் நல்ல மனிதர்களோடு எனக்கு நெடுநாள் பிணக்கு உண்டு. வயிற்றடி மச்சமோ, பின்னங்கால் தழும்போ, ஏதேனும் ஒன்றைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். உரியவர் அதைத் தாமே சொல்லட்டும்.

கொஞ்சும்போது பல்லோ நகமோ பட்டிருந்தாலும், கீறல் உள்ள தோலை அது நக்கியிருந்தாலும், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுச் சோப்பும் ஓடும் நீருமாகப் 15 நிமிடம் கழுவிவிட்டு, இன்றே மருத்துவரைப் பாருங்கள். மனிதருக்கு வரும் ரேபீஸில் 99 சதவீதம் வரை நாய்கள் வழியாகவே பரவுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது என்பதால், பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. 1885-லேயே பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் தடுப்பூசி போட்டுக் காட்டிவிட்ட நோய்க்கு இன்றும் மக்கள் பலியாவது, நாய்களின் குற்றம் மட்டும் அன்று.

கடைசியாக, உங்கள் வீட்டு நாயின் சம்மதத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. உரியவர் வராமல் நீங்களே வைத்துக்கொள்ள நேர்ந்தாலும், இரண்டு வாரமாவது இரண்டையும் தனித்தனி அறையில், தனித்தனிப் பாத்திரத்தோடு வையுங்கள். அதற்குள் புதியதற்குத் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுத்துவிடலாம். வீட்டு நாய்க்குப் போட வேண்டிய ஊசி எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நாய்களுக்குக் கொடிய நோய் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். உங்கள் காலணி வழியாகவே உள்ளே வந்துவிடும்.