சவர்டோ ஸ்டார்ட்டரை வைத்து வீட்டில் ஐரிஷ் சோடா பிரெட் செய்யலாமா? சமையல் சோடாவே ரொட்டியை உப்ப வைக்கும்போது ஸ்டார்ட்டர் எதற்கு?

தாராளமாகச் செய்யலாம். ஸ்டார்ட்டர் என்பது மாவும் தண்ணீரும் கலந்து ஈஸ்ட் வளரப் புளிக்கவிட்ட கலவை. அதற்குப் புது மாவும் தண்ணீரும் தீனியாகப் போடும் ஒவ்வொரு முறையும் மிஞ்சுகிற பழைய மாவைக் கொட்ட மனசு வராமல்தான் நானும் இதில் இறங்கினேன். ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதியில்தான் சூட்சுமமே இருக்கிறது. அது புரியாமல் முதல் இரண்டு ரொட்டிகளைப் பாழாக்கியவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

முதல் தடவை, ஃப்ரிட்ஜில் பத்து நாள் கிடந்த ஸ்டார்ட்டரை ஒரு கிண்ணத்தில் எடுத்து, சோடாவை நேராக அதன் தலையிலேயே போட்டுக் கலக்கினேன். புஸ்ஸென்று நுரைத்து, கிண்ணத்தைத் தாண்டி மேடையெல்லாம் வழிந்தது. இவ்வளவு வேகமா என்று எனக்கு ஒரே குஷி. அந்த வேகம் மொத்தமும் மேடையிலேயே தீர்ந்துவிட்டது என்பது ரொட்டி வெந்து வெளியே வந்தபோதுதான் தெரிந்தது. அம்மிக்கல் தோற்றது. அடுத்த தடவை, சோடா போதவில்லை போலிருக்கிறது என்று நானே முடிவுகட்டி இரண்டு டீஸ்பூன் போட்டேன். நன்றாகவே உப்பியது. வெட்டினால் உள்ளே பழுப்பும் மஞ்சளுமாக ஒரு நிறம், வாயில் வைத்தால் சோப்பு. ஸ்டார்ட்டரின் புளிப்பைத் தேடிப் பார்த்தேன், துளி இல்லை.

அந்தப் புளிப்பு எங்கே போனது? சோடா தின்றுவிட்டது. சோடா பிரெட் உப்புவதே அப்படித்தான்: மோரிலும் ஸ்டார்ட்டரிலும் உள்ள அமிலத்தோடு சோடா சேர்ந்து கரியமில வாயுவை விடுகிறது, அந்த வாயுதான் மாவைத் தூக்குகிறது. ஒவ்வொரு குமிழிக்கும் கொஞ்சம் புளிப்பு செலவாகிறது. ஆகவே இந்த ரொட்டியில் ஸ்டார்ட்டரின் வேலை உப்ப வைப்பதல்ல. அதிலிருக்கும் ஈஸ்டுக்கு மணிக்கணக்கில் அவகாசம் வேண்டும். இங்கே கலந்து பத்து நிமிடத்துக்குள் மாவு ஓவனுக்குள் போய்விடும். ஸ்டார்ட்டர் தருவது அமிலமும் நாள்பட்டுப் புளித்த மாவின் வாசமும். அமிலத்தில் எவ்வளவு வாயுவாகப் போகலாம், எவ்வளவு நாக்குக்கு மிஞ்ச வேண்டும் என்பதைச் சோடாவின் அளவை வைத்து நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

கணக்கு சுலபம். 84 கிராம் சோடா, மோரைப் புளிக்க வைக்கிற லாக்டிக் அமிலத்தில் 90 கிராமைச் சமன் செய்யும், கிட்டத்தட்ட எடைக்கு எடை. நன்றாகப் புளித்த கெட்டி மோரில் லாக்டிக் அமிலம் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அப்படியானால் 250 மில்லி மோர் இரண்டு கிராம் சோடாவுக்குத்தான் பதில் சொல்லும். பழைய ஸ்டார்ட்டர் 200 கிராம் சேர்த்தால் ஏறக்குறைய இன்னொரு பங்கு அமிலம் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். என் இரண்டு டீஸ்பூன் என்பது பத்து கிராம். மிச்ச சோடா போக இடமில்லாமல் ரொட்டிக்குள்ளேயே தங்கி, சோப்பாக வாயில் வந்தது.

இன்று நான் போடும் அளவு இது: மைதா 350 கிராம், ஸ்டார்ட்டர் 200 கிராம் (மாவும் தண்ணீரும் சம எடையில் கலந்தது), கெட்டி மோர் 250 மில்லி, உப்பு ஒரு டீஸ்பூன், சோடா தலைதட்டி ஒரு டீஸ்பூன். புளிப்பு தெரிய வேண்டும் என்றால் சோடாவை மூன்று கிராமாகக் குறையுங்கள். அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. ரொட்டி ஒரு விரல் உயரம் குறையும், ருசி ஏறும். எனக்கு அதுதான் பிடிக்கிறது. மைதாவில் பாதியை முழுக் கோதுமை மாவாக மாற்றினால் இரண்டு மூன்று ஸ்பூன் மோர் கூடுதலாகக் கேட்கும். மோர் கெட்டியாகக் கிடைக்காவிட்டால் தயிரில் பாலை விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம், தண்ணீர் வேண்டாம்.

ஸ்டார்ட்டர் பழையதாக இருப்பதே நல்லது. நேற்றுத் தீனி போட்டுப் பொங்கி நிற்கிற இளம் ஸ்டார்ட்டரில் அமிலம் குறைவு, அதை இதில் போடுவது வீண். மேலே சாம்பல் நிறத் தண்ணீர் நிற்கிற, முகர்ந்தால் மூக்கைச் சுளிக்க வைக்கிற ஸ்டார்ட்டர்தான் இதற்கு லாயக்கு. நாளாக ஆக அதிலுள்ள குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் புரதம்) சிதைந்து கூழாகிவிடும். சாதாரண ரொட்டிக்கு அது கேடு, இதற்கு அனுகூலம்.

ஏன் அனுகூலம் என்றால், சோடா பிரெட்டே வலுவில்லாத மாவுக்காகப் பிறந்த ரொட்டி. அயர்லாந்தின் ஈரமான, குளிர்ந்த தட்பவெப்பத்தில் விளைவது மென்மையான கோதுமை. அதில் புரதம் குறைவு என்பதால் ஈஸ்ட் ரொட்டிக்கு வேண்டிய இழுவை வராது. 1830களில் சோடா புழக்கத்துக்கு வந்ததும் அது அந்த மாவுக்குப் பொருந்திப் போனது. வெண்ணெய் கடைந்த பின் மிஞ்சிய புளித்த மோர் வீட்டிலேயே இருந்தது. ஓவன் இல்லாத வீடுகளில் பாஸ்டிபிள் என்ற மூடிபோட்ட இரும்புச் சட்டியைக் பீட் என்ற காய்ந்த சதுப்புநிலக் கட்டிகளை எரித்த நெருப்பின் மேல் தொங்கவிட்டு, மூடியின் மேலும் தணலை வைத்துச் சுட்டார்கள். மாவு, சோடா, உப்பு, மோர் நான்கும்தான் அசல்; முட்டையும் சர்க்கரையும் சேர்த்தால் அது கேக் என்பார்கள் கறார் பேர்வழிகள். அவர்கள் கணக்கில் என் ஸ்டார்ட்டரும் குற்றம்தான்.

செய்முறைக்கு வருவோம். முதலில் ஓவனை 220 டிகிரிக்குச் சூடாக்குங்கள். மாவைக் கலந்துவிட்டு ஓவன் சூடாகக் காத்திருந்தால் வாயு ஓடிவிடும். சோடாவில் கட்டி இருந்தால் விரலால் நசுக்கி, மாவோடும் உப்போடும் சேர்த்துச் சலியுங்கள். சலிக்காவிட்டால் ரொட்டியில் மஞ்சள் புள்ளி விழும், கடித்தால் கசக்கும். ஸ்டார்ட்டரைத் தனியாக மோரில் கரைத்துக்கொள்ளுங்கள். மாவின் நடுவில் குழி பறித்து அதை ஊற்றி, விரல்களை அகல விரித்துக் கையை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே வட்டத்தில் சுழற்றுங்கள். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத நொடியில் நிறுத்திவிட வேண்டும். மாவு கையில் ஒட்டும், மேடும் பள்ளமுமாக இருக்கும், ‘இன்னும் கொஞ்சம் பிசைந்தால் என்ன’ என்று கை துறுதுறுக்கும். பிசையாதீர்கள். பிசைந்தால் ரப்பர்.

கையில் மாவைத் தொட்டுக்கொண்டு உருட்டி, இரண்டு அங்குல உயரத்துக்குத் தட்டி, மேலே கூட்டல் குறி போலக் கத்தியால் ஆழமாகக் கீறுங்கள். தேவதைகளை வெளியேற்றத்தான் இந்தக் கீறல் என்று அயர்லாந்தில் ஒரு பேச்சு உண்டு. எனக்குத் தெரிந்த காரணம், நடுப்பகுதிக்குச் சூடு இறங்க அது வழிவிடுகிறது. ஒருமுறை பட்டும்படாமல் கீறிவிட்டேன்; ஓரம் கருகியும் நடுவில் களியாக இருந்தது.

பதினைந்து நிமிடம் கழித்து 200 டிகிரிக்கு இறக்கி, மேலும் 25 முதல் 30 நிமிடம். வெந்ததா என்று பார்க்க ரொட்டியைத் துணியால் பிடித்துக் கவிழ்த்து அடியில் விரல் முட்டியால் தட்டுங்கள். வெற்று டப்பாவைத் தட்டிய மாதிரி கேட்டால் சரி. தொப்பென்று கேட்டால் அப்படியே கவிழ்த்த நிலையில் ஐந்து நிமிடம் உள்ளே வையுங்கள். மேலோடு மெத்தென்று வேண்டும் என்பவர்கள் சுடச்சுடத் துணியில் சுற்றிவிடலாம். மொறுமொறுப்பு வேண்டுமானால் கம்பித் தட்டில் திறந்தே விடுங்கள். எப்படியானாலும் அரை மணி நேரமாவது கத்தி படக்கூடாது. அதற்குள் வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று கத்தியோடு வரும்.

இரவே மாவு, மோர், ஸ்டார்ட்டரைக் கலந்து புளிக்கவிட்டுக் காலையில் சோடா சேர்க்கலாமே என்று கேட்பார்கள். வாசம் பிரமாதமாக வரும், மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே பிசைபட்ட ஈரமாவில் சோடாவைச் சீராகப் பரப்புவது பெரும்பாடு. அப்படிச் செய்வதானால் மாவில் பாதியை மட்டும் இரவில் ஊறவைத்து, மறுபாதியில் சோடாவைச் சலித்துக் காலையில் சேருங்கள்.

ஸ்டார்ட்டரில் சாம்பல் தண்ணீர் இருந்தால் பயப்படாதீர்கள், கலக்கிக்கொள்ளலாம், கொட்டியும் விடலாம். ரோஸ் அல்லது ஆரஞ்சு நிறத்தில் கீற்று ஓடியிருந்தாலோ பூசணம் பூத்திருந்தாலோ மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு, அன்றைக்கு மோர், சோடாவை மட்டும் வைத்து அசல் முறையில் செய்யுங்கள்: மைதா 450 கிராம், மோர் 350 மில்லி, சோடாவும் உப்பும் அதே ஒரு டீஸ்பூன்.